ரெட் ரிவர் கார்ஜில் இரவு தங்கியவர்களே, வழியில் யாரை, எதைச் சந்தித்தீர்கள்?

ஓடைக்கரை:

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் ரெட் ரிவர் கார்ஜ் பள்ளத்தாக்குக்குப் போய்வந்தவர்கள் பாறை வளைவுகளைப் பற்றித்தான் எழுதுவார்கள். நூற்றுக்கும் மேல் இருக்கின்றன, எழுதாமல் என்ன செய்வார்கள்! எனக்கு இந்த அக்டோபரில் மனதில் நின்றது ஒரு செடியும் அதைக் காட்டிய ஒரு வயதான அம்மாவும்.

கூமர் ரிட்ஜில் காரை விட்டுவிட்டு சிம்னி டாப் ஓடைப் பக்கம் இறங்கினோம். ரஃப் டிரெயில் என்ற நடைபாதை வழியாக ஏறி இறங்கி கிரேஸ் ஆர்ச் என்ற பாறை வளைவு, மறுநாள் பக் டிரெயில் பிடித்துத் திரும்புவது என்று திட்டம். மேட்டில் நல்ல வெயில். பள்ளத்தில் ரோடோடென்ட்ரான் புதர்கள் இருபுறமும் கவிந்து மத்தியானத்திலேயே இருட்டு. ஓடையில் தண்ணீர் குறைவு, கல் மாற்றிக் கல் மிதித்தே கடக்கலாம். தொந்தரவு உதிர்ந்த இலைதான். பாதை, வேர், பள்ளம் எல்லாம் ஒரே மஞ்சள். மரத்தில் இருக்கும் குறியைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

கிரேஸ் ஆர்ச்சுக்குக் கொஞ்சம் முன்னால் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பெரிய பாறைக் குடையின் கீழ் ஒதுங்கினோம். அங்கே எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, கழுத்தில் சின்ன பூதக்கண்ணாடியோடு, மணலில் மண்டியிட்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முதல் வார்த்தை, "அங்கேயே நில்லுங்கள்." அப்புறம் சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கையில் கொடுத்தார். முழங்கால் உயரம்கூட இல்லாத, வெயில் படாமல் துவண்டு கிடக்கும் செடி. இலைக் கக்கத்தில் பொடிப்பொடியாக மஞ்சள் பூ. தண்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பூனைக்குட்டியின் காது போல வெள்ளை ரோமம். வெண்ரோம கோல்டன்ராட். உலகத்தில் வேறெங்கும் கிடையாது, இந்தப் பள்ளத்தாக்கின் பாறைக் குடைகளில் மட்டும்தான் வளர்கிறது. ஆபத்தில் இருக்கும் செடி என்று 1988இல் அமெரிக்க அரசின் பட்டியலில் சேர்த்தார்கள். ஆட்கள் மிதிக்காமல் பார்த்துக்கொண்டதில் தேறிவந்து 2016இல் பட்டியலை விட்டு வெளியே வந்தது.

இங்கே தங்குகிற எல்லோருக்கும் பாறைக் குடை பார்த்தால் ஆசை வரும். நனையாத மணல், காற்றுக்கு மறைவு, கூடாரமே வேண்டாம். ஆனால் பாறை அடியிலிருந்து 100 அடிக்குள் தங்கக் கூடாது, தீ மூட்டக் கூடாது. செடி ஒரு காரணம். இன்னொன்று, இந்தக் காய்ந்த மண்ணில்தான் 3,000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் விதைத்துப் பழக்கிய கீரை வகை விதைகள் கெடாமல் கிடைத்தன. ஒரு முகாம் தீ போதும், அத்தனையும் சாம்பல்.

ஆக, மழையிலேயே ஓடைக்கு மேலே சமதரையில் கூடாரம் அடித்தோம். ராத்திரி வெளியே சரசரவென்று சத்தம். லைட் அடித்தால் ஸ்கங்க், வாலைத் தூக்கி நாற்றத் திரவம் பீய்ச்சுமே, அந்தப் பிராணி! எங்கள் செருப்பை முகர்ந்துகொண்டிருந்தது. லைட்டை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாலைத் தூக்காமல் போய்விட்டது.

கொலம்பஸ் மாமா:

ஸ்கங்க் பரவாயில்லை தம்பி, நாங்கள் பார்த்தது கரடி. விடியற்காலை, ஓடைக்கு அந்தப் பக்கம், நாய் போல இலையைக் கிளறிக்கொண்டிருந்தது. கை தட்டியதும் மேடேறிப் போய்விட்டது. சாப்பாட்டை டப்பாவில் பூட்டியிருந்தோம். கயிற்றில் தொங்கவிடுபவர்கள் தரையிலிருந்து 10 அடி, மரத்திலிருந்து 4 அடி தள்ளிக் கட்ட வேண்டும். புளிக்காய்ச்சல், ஊறுகாய் மட்டுமல்ல, பற்பசையும் உள்ளே போக வேண்டும்.

கரடியை எல்லோரும் கேட்கிறார்கள், பாறை விளிம்பை யாரும் கேட்பதில்லை. இங்கே உயிர் போவது பெரும்பாலும் பாறையிலிருந்து விழுந்துதான். ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தால் லைட் இல்லாமல் பத்தடிகூட நடக்காதீர்கள். மேட்டில் கூடாரம் அடித்தால் வெளிச்சம் இருக்கும்போதே விளிம்பு எந்தப் பக்கம் என்று பார்த்து வையுங்கள்.

பகல்நிலா:

நாங்கள் சந்தித்தது வேட்டைக்காரர்களை. நவம்பர் நடுவில் போனோம், இலை எல்லாம் கொட்டி பாறை முழுசாகத் தெரியும் என்று. ஆரஞ்சு கோட்டு போட்ட அப்பாவும் பையனும் எதிரே வந்தார்கள். என் பழுப்பு ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு, தன்னிடம் இருந்த ஆரஞ்சு தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டுப் போனார் அந்த அப்பா. இது தேசிய வனம், பூங்கா இல்லை. மான் வேட்டைக்கு அனுமதி உண்டு. துப்பாக்கிப் பருவம் நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை தொடங்கும்.

@ஓடைக்கரை அந்தச் செடி நவம்பரில் பூத்திருக்குமா? ஒரு காலத்தில் இந்த ஆற்றில் திட்டமிட்ட அணையைக் கட்டியிருந்தால் கீழ்ப்பள்ளத்தாக்கில் பாதி முழுகியிருக்கும் என்கிறார்களே?

ஓடைக்கரை:

நவம்பர் தொடக்கத்தில் போனால் கொஞ்சம் மிச்சம் இருக்கும், பூவுக்கு செப்டம்பர், அக்டோபர்தான் நல்லது. அணைத் திட்டம் உண்மை. அதை எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸே 1967 நவம்பரில் இங்கே வந்து நடந்திருக்கிறார். அணை வரவில்லை, 1993இல் ஆற்றுக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. அடுத்த வாரம் போகிறீர்களா? ஓடைத் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்க வேண்டாம்.