சிங்கப்பூர்ல நோட்டரி பப்ளிக் ஆகணும்னா என்ன படிக்கணும்?

ஈசூன்_தம்பி:
வணக்கம் மக்களே. வயசு 31, சிங்கப்பூர் பிஆர் (நிரந்தரவாசி), ஷிப்பிங் கம்பெனில டாக்குமென்ட் பாக்குற வேலை. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஊர் நெலத்துக்கு எங்கண்ணன் பேர்ல பவர் எழுதிக் குடுக்க பீப்பிள்ஸ் பார்க் சென்டர் போனேன். அங்க நோட்டரி பப்ளிக்கா இருக்குற லாயர் பாஸ்போர்ட்ட பார்த்தாரு, என் மூஞ்சிய பார்த்தாரு, கையெழுத்து போடச் சொன்னாரு, செவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒரு மெஷின்ல வச்சு நறுக்குனு அமுக்கினாரு, அவ்ளோதான், பத்து நிமிஷம் கூட ஆகல, வெளிய வரும்போது பர்ஸ் இளைச்சுப்போச்சு. வீட்டுக்கு வந்து யூடியூப்ல பார்த்தா அமெரிக்காவுல ஒருத்தர் சின்னதா ஒரு கோர்ஸ் முடிச்சிட்டு கார்லயே வீடு வீடாப் போயி சீல் குத்தி சம்பாதிக்கிறேன்னு சொல்றாரு. இங்கயும் அப்படி பார்ட் டைமா பண்ண முடியுமா? ஊர்ல பி.காம் முடிச்சிருக்கேன்.

தேக்கா_வாசி:
தம்பி, மொதல்ல அந்த வீடியோவ மூடுங்க. அமெரிக்காவுல ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு ரூல்ஸ், நிறைய எடத்துல வக்கீலா இருக்கணும்னே இல்ல. இங்க கதையே வேற. வருஷக்கணக்கா பிராக்டிஸ் பண்ண லாயருக்குதான் குடுப்பாங்க, குடுக்குறது சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா. நம்ம ஊர்லயும் 1952 நோட்டரி சட்டப்படி பொதுவா 10 வருஷம் வக்கீலா இருந்திருக்கணும், கோர்ட் வாசல்ல மரத்தடில மேசை போட்டிருக்காரே, அவரும் அப்படி வந்தவர்தான். கார்ல சீல் வச்சிட்டு சுத்துற பொழப்பு இங்க கெடையாது.

மறுபடி படிக்கிறதா இருந்தா என்யுஎஸ், எஸ்எம்யு, எஸ்யுஎஸ்எஸ்னு மூணு யுனிவர்சிட்டிலதான் சட்டம் இருக்கு. வேற டிகிரி முடிச்சவங்களுக்கு ஜேடினு ஒரு சட்ட டிகிரி இருக்கு. அப்புறம் வக்கீலாகுறதுக்கு பார்ட் பினு ஒரு பரீட்சை, 2024ல இருந்து ட்ரெய்னிங்கும் ஆறு மாசத்துக்குப் பதில் ஒரு வருஷம் ஆயிருச்சு. இதெல்லாம் முடிச்சு வக்கீலாகி தலை நரைக்கிற நேரத்துல சீல் கைக்கு வரும்.

பேராலீகல்_அக்கா:
நான் ஒரு லா ஃபர்ம்ல பதினோரு வருஷமா இருக்கேன், எங்க சார் நோட்டரி. பத்து நிமிஷ வேலைனு சொல்றீங்களே, அது உங்க கேஸ் நேர்கேஸ்ங்கறதால. போன வருஷம் ஒரு பாட்டிய அவங்க மகன் கூட்டிட்டு வந்தாரு, ஊர் வீட்டுக்கு பவர், மூணு பக்கமும் இங்கிலீஷ். சார் எது கேட்டாலும் மகனே பதில் சொல்றாரு. அம்மாவுக்கு எல்லாம் தெரியும் சார், நீங்க சீல போடுங்கங்கறாரு. சார் அவர வெளிய பெஞ்ச்ல உக்கார வச்சிட்டு என்னைய கூப்பிட்டு தமிழ்ல படிச்சு சொல்லச் சொன்னாரு. ரெண்டாவது பக்கத்துல விக்கிறதுக்கும் அதிகாரம்னு வர்ற எடத்துல பாட்டி என் கையப் புடிச்சிட்டாங்க, “விக்கவா? வாடகை வாங்கத்தானே சொன்னான்”. மை தொட்ட கட்டைவிரல அப்படியே டிஷ்யூல தொடச்சு விட்டோம், சார் சீல் போடல. அந்த மகன் லிஃப்ட் வரைக்கும் எங்களத் திட்டிட்டே போனாரு.

இதுக்குத்தான் அந்த அதிகாரம். உள்ள எழுதியிருக்கறது நெசமானு நோட்டரி சொல்றதில்ல. வந்தது இன்னார், கண்ணு முன்னாடி விவரம் புரிஞ்சு கையெழுத்து போட்டாருங்கறதுக்குத்தான் சீல். இன்னொண்ணு, நிறைய பேரு கமிஷனர் ஃபார் ஓத்ஸையும் (சத்தியப்பிரமாணம் வாங்குறவர்) நோட்டரியையும் ஒண்ணுனு நெனைக்கிறாங்க. உள்ளூர்ல குடுக்குற அஃபிடவிட்டுக்கு கமிஷனர், வெளிநாட்டுக்குப் போற பேப்பருக்கு நோட்டரி.

தம்பிக்கு டாக்குமென்ட் பழக்கம் இருக்கு, தமிழும் நல்லா இருக்கு, பேராலீகல் வேலை, அதான் லாயருக்கு உதவியா பேப்பர் வேலை பாக்குறது, அத பாருங்களேன். ஊர்ல இருந்து தமிழ்ல வர்ற பர்த் சர்டிஃபிகேட்டு, கல்யாண சர்டிஃபிகேட்டு எல்லாம் ஐசிஏவுக்கு (இங்க இமிக்ரேஷன் ஆபீஸ்) இங்கிலீஷ்ல வேணும், தமிழ் தெரிஞ்ச ஆள் ஆபீஸ்ல இருந்தா தனி மரியாதை. சம்பளம் ஆஹா ஓஹோனு இருக்காது, அதையும் சொல்லிடறேன்.

ஈசூன்_தம்பி:
அக்கா, பாட்டி கதை படிச்சு ஒரு மாதிரி ஆயிருச்சு. பத்து நிமிஷத்துக்கு இவ்ளோ காசானு அவர மனசுக்குள்ள திட்டிட்டேன். பேராலீகலுக்கு தனியா கோர்ஸ் வேணுமா?

பேராலீகல்_அக்கா:
டெமாசெக் பாலிடெக்னிக்ல லா அண்ட் மேனேஜ்மென்ட் டிப்ளோமா இருக்கு, ஆனா நான் அதெல்லாம் படிக்கல, அட்மின்னா சேந்து அப்படியே கத்துக்கிட்டேன். சின்ன ஃபர்ம்கள்ல கேட்டுப் பாருங்க.

மன்னார்குடி_மாமா:
படிப்பெல்லாம் இருக்கட்டும் தம்பி, அந்த பவர் என்னாச்சு? அகாடமி ஆஃப் லா போட்ட அப்போஸ்டில், அதான் நோட்டரி சீல் உண்மைதான்னு வெளிநாட்டுக்குக் காட்டுற சான்று, கூடவே இருக்கானு பாருங்க. 2021 செப்டம்பர் 16ல இருந்து இங்க அதுதான். பேப்பர் இந்தியாவுக்குள்ள போன நாள்ல இருந்து 3 மாசத்துக்குள்ள ஸ்டாம்ப் ட்யூட்டி கட்டணும், தமிழ்நாட்டுல மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல. என் மச்சான் இத விட்டுட்டு மறுபடி டிக்கெட் போட்டு வந்தான்.

ஈசூன்_தம்பி:
ஐயோ மாமா, அண்ணன் பத்திரமா பீரோல வச்சிருக்கேன்னுல்ல சொன்னாரு. இருங்க, போன் போட்டுட்டு வரேன்.