மனிதக் கரு, கோழிக் கரு ஒப்பீடு: உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். இளங்கலை விலங்கியல் மாணவர்களுக்குக் கருவியல் கற்பிக்கும் நான், மனிதக் கருவிலும் கோழிக் கருவிலும் இதயம் உருவாகும் விதத்தை ஒப்பிட்டு ஒரு பாடம் தயாரித்து வருகிறேன். ஓரிடத்தில் தடுமாறி நிற்பதால் உங்கள் உதவியை நாடுகிறேன்.

அடைகாக்கத் தொடங்கிய இரண்டாம் நாளிலேயே கோழிக் கருவின் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மனிதக் கருவில் அதற்குக் கருவுற்றபின் ஏறத்தாழ 22 நாட்கள் ஆகின்றன. சென்ற வாரம் மூன்றாம் நாள் முட்டையின் ஓட்டில் சிறு சாளரம் வெட்டிக் காட்டினேன். மஞ்சள் கருவின் மேல் பரவியிருந்த நுண்ணிய இரத்தக் குழாய்களுக்கு நடுவே செம்புள்ளியொன்று துடிப்பதைக் கண்டு வகுப்பே அமைதியானது. இரண்டிலும் நேரான குழாயாகத் தொடங்கும் இதயம், வலப்புறம் வளைந்து, பின்னர் நான்கு அறைகளாகப் பிரிகிறது. ஆயினும் கருவின் தொண்டைப் பகுதியில் இணை இணையாகத் தோன்றும் தமனி வளைவுகளுள் பெருந்தமனி வளைவாக நிலைப்பது மனிதரில் இடப்புற நான்காம் வளைவு, பறவையில் வலப்புற நான்காம் வளைவு.

கரு வளர்ச்சியை உடலமைப்பு மாற்றங்களைக் கொண்டு நிலைகளாகப் பிரிக்கும் வரிசைகளுள், கோழிக்கு 1951இல் வெளியான ஹாம்பர்கர்-ஹாமில்டன் வரிசையின் 46 நிலைகளையும், மனிதருக்குக் கார்னகி வரிசையின் 23 நிலைகளையும் பயன்படுத்துகிறேன். நாட்கணக்கில் பொருத்துவது பொருளற்றது என்பது என் உறுதியான கருத்து. உடற்கண்டங்களின் (கருவின் முதுகுப்புறம் இணை இணையாகத் தோன்றும் திசுக் கட்டிகளின்) எண்ணிக்கையைக் கொண்டு பொருத்தினால் தொடக்க நிலைகள் ஓரளவு ஒத்துவருகின்றன. ஆனால் அறைச்சுவர்கள் உருவாகும் பிந்தைய நிலைகளுக்கு அது கைகொடுக்கவில்லை. அவற்றை எந்த அடையாளத்தைக் கொண்டு பொருத்துவது? ஐந்து முதல் எட்டு நாள் வரையிலான கோழிக் கருவின் இதய வெட்டுத்தோற்றப் படங்களை வைத்திருப்பவர்கள், வகுப்பில் பயன்படுத்த அனுமதியுடன் பகிர்ந்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.