“இரட்சிக்கப்பட்ட தேதி எது?” என்று அப்பாவைக் கேட்கிறார்கள்

தாம்வே வாசகி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ரங்கூன் தாம்வேயிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. பிறந்ததிலிருந்து மெதடிஸ்ட் சபைதான். 1964-ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது பெரியப்பாமார் கப்பலேறி மதராசுக்குப் போய்விட்டார்கள். அப்பா மட்டும் பாட்டியோடு இங்கேயே தங்கிவிட்டார். 1966-ல் வெளிநாட்டு மிஷனரிகளும் போன பிறகு ஞாயிறு பள்ளிக்கு ஆள் இல்லை. அரும்பு மீசைப் பையனாக இருந்த அப்பாவே சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்தாராம். 2008-ல் நர்கீஸ் புயலில் எங்கள் வீட்டுக் கூரை பறந்தது. அப்பா அதைப் பார்க்காமல் தெருவில் எல்லோருக்குமாகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

போன மாதம் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஊழியர் ஒருவர், “ஐயா, நீங்கள் இரட்சிக்கப்பட்ட தேதி எது?” என்று கேட்டார். மனந்திரும்பி ஆண்டவரை ஏற்றுக்கொண்ட நாளைத்தான் அப்படிக் கேட்டார். அப்பாவால் சொல்ல முடியவில்லை. “தேதி தெரியவில்லை என்றால் நீங்கள் இன்னும் இரட்சிக்கப்படவில்லை” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா ராத்திரியில் தூங்குவதில்லை. “நான் ஜெபித்ததெல்லாம் வீணாம்மா?” என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? வசனத்தோடு சொல்லுங்கள்.

ஒக்கலப்பா சகோதரன்:

சகோதரி, பெரியவரைச் சபையில் வைத்து அப்படிச் சொன்னது தவறு. ஆனால் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். நிக்கொதேமு வேதம் கற்ற மனிதர், நல்லவர். அவரிடம்தான் ஆண்டவர் மறுபடியும் பிறக்கவேண்டும் என்றார். நான் குடித்துச் சீரழிந்தவன். எந்த இரவில் முழங்காலில் விழுந்தேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கும் ஒரே நாளில்தான் எல்லாம் நடந்தது. இரட்சிப்பு வாழ்நாள் பயணம் என்று சொல்லிச் சொல்லியே மனந்திரும்புதலைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்துப் பயப்படுகிறேன். அப்பாவோடு உட்கார்ந்து இன்றைக்கே ஜெபியுங்கள்.

மோல்மேன் பெரியவர்:

மகளே, முதலில் அப்பாவை நிம்மதியாகத் தூங்கச் சொல்.

ஒக்கலப்பா தம்பிக்கு நடந்தது உண்மை. அதை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. பவுலுக்கு வந்ததுபோல, சிலருக்கு ஆண்டவர் தமஸ்கு வழியில் ஒரே நொடியில் வருகிறார். பவுலின் சீடன் தீமோத்தேயுவுக்கோ பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் வழியாக விசுவாசம் வந்தது. பவுல் அவனிடம் தேதி கேட்கவில்லை. “நீ கற்று நிச்சயித்துக்கொண்டவைகளில் நிலைத்திரு” என்றுதான் எழுதினார்.

உன் அப்பா மெதடிஸ்ட் என்பதால் அந்தச் சபையைத் தொடங்கிவைத்த ஜான் வெஸ்லியைச் சொல்கிறேன். அவருக்குத் தேதி உண்டு: 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெரு. ஆனால் அடுத்த ஜனவரியிலேயே, தாம் இன்னும் கிறிஸ்தவன் அல்ல என்று நாட்குறிப்பில் எழுதிக் கலங்கியவரும் அவரேதான். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு அவர் பிரசங்கித்தது, கிருபையில் நாளுக்கு நாள் வளரவேண்டும் என்பதை.

இன்னொருவர் எங்கள் ஊர்க்காரர் என்றே சொல்லலாம், அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரி ஜட்சன் ஐயர். பாதிரியார் மகன். கல்லூரியில் ஒரு நண்பனோடு சேர்ந்து விசுவாசத்தை விட்டார். ஒரு நாள் சத்திரத்தில் தங்கியபோது அடுத்த அறையில் ராத்திரி முழுக்க ஒருவன் முனகிக்கொண்டிருந்தான். விடிந்ததும் செத்துவிட்டான் என்றார்கள். பெயரைக் கேட்டால் அதே நண்பன். ஜட்சன் உடைந்துபோனார். 1808 டிசம்பரில் தம்மை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார். 1813-ல் ரங்கூனுக்கு வந்தார். முதல் பர்மியர் மௌங் நோ ஞானஸ்நானம் எடுக்க 1819 ஆனது. அப்புறம் ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் போர், தலைநகர் ஆவாவில் சிறை, காலில் விலங்கு. 1826 அக்டோபரில் அம்ஹர்ஸ்டில் மனைவி ஆன் இறந்தார். சில மாதங்களில் கைக்குழந்தையும் போனது.

அதற்குப் பிறகுதான் நான் சொல்ல வந்த விஷயம். ஜட்சன் மோல்மேன் காட்டோரத்தில் குடிசை போட்டுத் தனியாக ஒடுங்கினார். தமக்கே குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்று எழுதினார். அவரிடம் தேதி இருந்தது. அந்தக் குழியோரத்தில் அது அவருக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. தேதியை மறந்திருந்தாலும் மறக்காத ஒருவர் அவரைப் பிடித்திருந்தார் என்றுதான் நான் நம்புகிறேன். மெல்ல மெல்ல எழுந்தார். 1834-ல் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தார். இந்த நாட்டுச் சபைகளில் இன்றும் அதைத்தான் வாசிக்கிறார்கள்.

அந்த இருட்டும் அவருடைய இரட்சிப்புக்கு உள்ளேதான் இருந்தது. பேதுருவைப் பார். படகை விட்டு வந்தான், மறுதலித்தான், கடற்கரையில் மறுபடி அழைக்கப்பட்டான். பெந்தெகொஸ்தே நாள் கடந்தும் அந்தியோகியாவில் மனுஷருக்குப் பயந்து, யூதரல்லாத விசுவாசிகளோடு சாப்பிட்ட பந்தியை விட்டு விலகி, பவுலிடம் கண்டிக்கப்பட்டான். எந்த நாளைக் குறித்து, இதோடு முடிந்தது என்பாய்?

அப்பாவுக்குப் பிலிப்பியர் 2:12, 13 இரண்டையும் சேர்த்து வாசித்துக் காட்டு. “உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்” என்பதை மட்டும் கேட்டால் அவர் மறுபடி பயந்துவிடுவார். நமக்குள் விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்று அடுத்த வசனம் சொல்கிறது. பாடு நம்முடையது, பெலன் அவருடையது. கஞ்சி காய்ச்சியதால் அப்பா இரட்சிப்பைச் சம்பாதிக்கவில்லை. ஆனால் கூரை பறந்த நாளில் அடுப்பை மூட்ட அவருக்கு மனம் கொடுத்தது யார்?

தன்லின் கத்தோலிக்கன்:

எங்களைப் பலர் கேட்பதுண்டு, கைக்குழந்தையாகத் திருமுழுக்கு பெற்றுவிட்டால் போதுமா என்று. போதாது என்றுதான் எங்கள் திருச்சபையும் போதிக்கிறது. அதனால்தான் ஒப்புரவும் நற்கருணையும் சாகும்வரை. ஒன்று சொல்கிறேன்: இந்த விஷயத்தில் நாம் இப்போது அவ்வளவு தூரத்தில் இல்லை. மீட்பு கிருபையால் மட்டுமே, நம் தகுதியால் அல்ல என்று 1999-ல் ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். 2006-ல் சியோலில் மெதடிஸ்ட்களும் அதில் சேர்ந்தார்கள். அக்கா, இந்த வருஷம் ஞாங்லேபின் மாதா திருவிழாவில் உங்கள் அப்பாவுக்காக வேண்டிக்கொள்கிறேன்.

தாம்வே வாசகி:

எல்லோருக்கும் நன்றி. ஒக்கலப்பா அண்ணனுக்கும்தான். மின்சாரம் வந்த நேரத்தில் அப்பாவுக்கு எல்லாவற்றையும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஜட்சன் குழியோரத்தில் உட்கார்ந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். “தினமும் காலையில் அவரை நம்பித்தான் எழுந்திருக்கிறேன். அதை அந்த ஊழியக்காரத் தம்பியிடம் நானே சொல்கிறேன்” என்றார். அடுத்த ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில்தான், பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம். மோல்மேன் ஐயா, ஜட்சன் சரித்திரம் தமிழில் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். அப்பாவுக்குக் கண் மங்கல், பெரிய எழுத்தாக இருந்தால் நல்லது.