பாட்டியின் சிங்கர் மிதி இயந்திரம்: இறுகிப்போன சக்கரத்தை விடுவிப்பது எப்படி, மறுவண்ணம் பூசலாமா?

கேள்வி: சைதாப்பேட்டைப் பேத்தி

அனைவருக்கும் வணக்கம். என் பாட்டி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ரவிக்கையும் பாவாடையும் தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய சிங்கர் மிதி இயந்திரம் எங்கள் வீட்டில் இருக்கிறது. மூர் மார்க்கெட்டில் பழையதாக வாங்கியது என்று அவர் சொல்வார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மேசையின் கால்கள் முழுவதும் மூழ்கின. தலைப்பகுதி நனையவில்லை என்றாலும், அதன் பிறகு யாரும் அதைத் தொடவே இல்லை. சென்ற மாதம் மூடியைத் திறந்தபோது கைச்சக்கரம் துளியும் அசையவில்லை. அடித்தட்டில் 'ஒய்' என்ற எழுத்தில் தொடங்கும் எண் இருக்கிறது. மேல்நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகு இடது முனையில், முகத்தகட்டின் மேல் இருக்கிறது.

பழுது பார்க்கும் ஒருவர், பழைய வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய கறுப்பு பெயிண்ட் அடித்து, தங்க நிறப் பூவேலையை ஸ்டிக்கராக ஒட்டித் தருவதாகச் சொல்கிறார். பாட்டியின் கை பட்டுப் பட்டுப் பூவேலை தேய்ந்துபோன இடத்தைப் பார்க்கும்போது எனக்கு மனம் வரவில்லை. நானே இதைச் சரிசெய்ய முடியுமா? பாட்டி எப்போதும் தேங்காய் எண்ணெய்தான் விடுவார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி: பெரம்பூர் சேகரிப்பாளர்

அம்மா, தயவுசெய்து வண்ணத்தைச் சுரண்ட விடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்கில் செய்யப்பட்ட 15கே வகை. 'கே' என்பது அந்த ஆலை இருந்த கில்போவி என்ற இடத்தைக் குறிக்கிறது. 'ஒய்' வரிசை எண்கள் 1920களின் தொடக்கத்திலிருந்து 1930களின் நடுப்பகுதி வரை அங்கே உருவானவற்றுக்கு உரியவை. ஆலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. அந்த ஊரில் சிங்கர் என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் மட்டும் இன்னும் இயங்குகிறது. ஆகவே உங்கள் பாட்டியின் கைக்கு வரும் முன்பே இந்த இயந்திரம் வேறு யாருக்கோ உழைத்திருக்கிறது.

சக்கரம் இறுகியதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தத் தேங்காய் எண்ணெய்தான். அது தூசியுடன் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் பிசினாக உறைந்துவிடும். உள்ளே எதுவும் உடைந்திருக்க வாய்ப்பு குறைவு. தலையைப் பின்பக்கமாகச் சாய்த்து, உலோகம் உலோகத்தோடு உரசும் ஒவ்வோர் இடத்திலும், மேலே தெரியும் ஒவ்வோர் எண்ணெய்த் துளையிலும் இரண்டு சொட்டு தையல் இயந்திர எண்ணெய் விடுங்கள். தலைமுடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டி, ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். இதையே ஒரு வாரம் பொறுமையாகச் செய்ய வேண்டும். அப்போதும் அசையாவிட்டால் உள்பாகங்களுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடலாம். ஆனால் மண்ணெண்ணெய் விட்ட பிறகு சூடு காட்டவே கூடாது, தீப்பிடிக்கும். பிசின் கரைந்ததும் அதைத் துடைத்தெடுத்துவிட்டு மறுபடி இயந்திர எண்ணெய் விடுவது கட்டாயம், ஏனெனில் மண்ணெண்ணெய் உராய்வைத் தடுக்காது.

பூவேலையைப் பற்றி ஒரு சொல். அந்தத் தங்க இழைகளின் மேல் இருக்கும் மெல்லிய வார்னிஷ் பூச்சு அரக்கினால் ஆனது. ஸ்பிரிட், தின்னர், கை கழுவும் சானிடைசர் ஆகியவை பட்டால் கரைந்து, பூவேலையும் சேர்ந்து போய்விடும். சோப்புத் தண்ணீரும் வேண்டாம். பஞ்சில் இயந்திர எண்ணெய் தொட்டு, அழுத்தாமல், சிறு வட்டமாகத் துடைத்தால் பழுப்பேறிய அழுக்கு மட்டும் வந்துவிடும். தேய்ந்த இடம் தேய்ந்தபடியே இருக்கட்டும். என்னிடம் உள்ள இயந்திரங்களில் நான் அதிகம் விரும்புவது அப்படித் தேய்ந்தவற்றைத்தான்.

மறுமொழி: வண்ணாரப்பேட்டை தையற்காரர்

மேலே உள்ளவர் தலைப்பகுதியைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் கால்கள் வேறு. வெள்ளத்தில் நின்ற வார்ப்பிரும்பை நம் ஊர் உப்புக் காற்றில் அப்படியே விட்டால் துரு உள்ளே தின்றுகொண்டே போகும். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு பூசி, அதன் மேல் கறுப்பு எனாமல் அடியுங்கள். மிதியும் பெரிய சக்கரமும் சுழலும் இடங்களில் மட்டும் பெயிண்ட் படக் கூடாது.

சக்கரம் பாதி சுற்றி நின்றால் எண்ணெயைக் குறை சொல்லாதீர்கள். ஊசித்தட்டின் அடியில் மேல்நூலை அடிநூலோடு பின்னும் ஷட்டிலின் பின்னால் நூல் சிக்கியிருக்கும். அடிநூல் சுற்றிய பாபினை வைக்கும் கூடான பாபின் கேஸை எடுத்துவிட்டு, பிறைவடிவ ஷட்டிலைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். கழற்றும் ஒவ்வொரு திருகையும் ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். சிங்கர் திருகுகளின் மரை தனி அளவு என்பதால் பொதுக் கடையில் மாற்றுத் திருகு கிடைக்காது. திருகின் வெட்டில் இறுக்கமாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரை மட்டும் பயன்படுத்துங்கள், இல்லையெனில் தலை சிதைந்துவிடும்.

மற்றபடி கவலை வேண்டாம். இன்று சாதாரணமாக விற்கும் வீட்டு இயந்திர ஊசியும், உஷா போன்ற இயந்திரங்களுக்கான பாபினும் இதற்குப் பொருந்தும், ஏனென்றால் நம் நாட்டில் செய்த பெரும்பாலான வீட்டு இயந்திரங்கள் இந்த 15 வகையைப் பார்த்துச் செய்தவையே. தோல் பெல்ட் பாரிமுனைப் பக்கம் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். நீளத்துக்கு வெட்டிக் கொக்கி மாட்டிக்கொள்ளலாம்.

மறுமொழி: சைதாப்பேட்டைப் பேத்தி

உங்கள் இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஆறாம் நாள் சக்கரம் அசைந்தது, பிறகு பாதியில் நின்றது. ஐயா சொன்னபடியே ஷட்டிலின் பின்னால் கருஞ்சிவப்பு நூல் ஒரு சிறு உருண்டையாகச் சிக்கியிருந்தது. பாட்டி கடைசியாகத் தைத்த ஏதோ ஒரு துணியின் நூலாக இருக்க வேண்டும்; அதை எறியாமல் வைத்திருக்கிறேன். இப்போது தைக்க முடிகிறது, ஆனால் துணியின் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. பாபின் கேஸின் திருகை இறுக்க வேண்டுமா?

மறுமொழி: வண்ணாரப்பேட்டை தையற்காரர்

பாபின் கேஸைத் தொட வேண்டாம் அம்மா. அடியில் வளையம் விழுந்தால் குறை மேல்நூலில் இருக்கும். துணியை அழுத்தும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால்தான் டென்ஷன் வட்டுகள் விரிந்து நூல் அவற்றின் இடையே உட்காரும். ஊசியின் நீளப் பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமிருந்து நூலைக் கோத்துக்கொள்ளுங்கள். வட்டுகளின் இடையே பழைய நூல் துணுக்கு கிடந்தால், ஒரு துணித் துண்டை விட்டு முன்னும் பின்னும் இழுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

மறுமொழி: சைதாப்பேட்டைப் பேத்தி

வட்டுகளுக்குள் துணுக்கு இருந்தது, எடுத்துவிட்டேன். இரண்டு பக்கமும் தையல் ஒரே சீராக விழுகிறது. இந்த வகையில் பின்னோக்கித் தைக்கும் வசதி இல்லாததால் முடிவில் துணியைத் திருப்பிப் போட்டுத்தான் தைக்கிறேன், பாட்டியும் அப்படித்தான் செய்வார். தலையில் பெயிண்ட் அடிக்கவில்லை. இந்த ஞாயிறு கால்களுக்கு ரெட் ஆக்சைடு பூசப் போகிறேன்.