ஏற்காட்டில் இலையுதிர் அசேலியா வளர்ப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். ஏற்காட்டில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில், சில்வர் ஓக் நிழல் விழுகிற ஓரமாக ஒரு இலையுதிர் அசேலியா நிற்கிறது. ஊட்டிப் பக்கம் எல்லோரும் வைக்கிற, வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும் வகை இல்லை, குளிர்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூக்கிற வகை. ஜனவரியில் இலை பாதிதான் கொட்டியது, மொட்டும் ஒன்றிரண்டோடு சரி. இதற்குப் பல வாரம் நல்ல குளிர் வேண்டும், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இங்கே அடிக்கிற குளிர் போதுமா?

அப்புறம், புதுத் துளிரில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடையெல்லாம் வெளுத்து மஞ்சளாகிறது. அசேலியா பிஎச் 4.5 முதல் 6 வரை உள்ள அமில மண் கேட்கும், சுண்ணாம்பு கலந்த கடினத் தண்ணீர் ஊற்றினால் மண்ணின் அமிலம் குறைந்து, மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாது. நாங்கள் ஊற்றுவது போர் தண்ணீர். மழைநீருக்கு மாறினாலே தேறிவிடுமா, கந்தகத்தூளும் போட வேண்டுமா? போடுவதென்றால் எவ்வளவு? பக்கத்து எஸ்டேட் அண்ணன் காபிச் சக்கையைக் கொட்டினால் போதும் என்கிறார் (அவருக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து). வேர் மேலாகவே ஓடும் செடி என்பதால் கொத்திவிடவும் கை வரவில்லை.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். வேறு செடி வை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.