புதுப்பிப்பு: வாடிய சோளப்பயிர் என்ன ஆயிற்று?

காங்கேயம் பக்கத்தில் இருக்கும் எங்கள் மீட்புப் பண்ணைக்கு, மழையின்றி முழங்கால் உயரத்தில் நின்றுபோன சோளப்பயிரை ஒருவர் இலவசமாகத் தருகிறார், மாடுகளுக்குப் போடலாமா என்று கேட்டிருந்தேன். பச்சையாகக் கூடவே கூடாது என்றார் கால்நடை மருத்துவர். வாடிய இளஞ்சோளத்தில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற கொடிய நஞ்சு ஏறியிருக்கும். அறுத்த இடத்தில் துளிர்க்கும் மறுதாம்பு இன்னும் மோசம். அறுத்து, நன்றாகக் காயவைத்த பிறகே இப்போது போடுகிறோம். நொண்டிக் காளை ஒரு வாய்ச் சோளத்தட்டைக் கடைவாயில் அரைத்தபடியே அடுத்த கட்டை முட்டுகிறது. கிழட்டுக் கழுதை மட்டும் முகர்ந்துவிட்டு, வெள்வேல மரத்தடியில் உதிர்ந்த காய்களைப் பொறுக்கப் போய்விட்டது. அதற்கு அதன் நாக்கு!

கொரங்காடு என்று இங்கே சொல்லும் வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல் அடிவரை கருகிவிட்டது. தண்ணீர் லாரிதான் கதி. என்ன உதவி வேண்டும் என்று கேட்டவர்களுக்கு: பழைய சிமென்ட் தொட்டி இருந்தால் சொல்லுங்கள், வண்டி அனுப்புகிறோம்.