பெரிய கல்லூரியில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த முதல் வாரங்கள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

திருவொற்றியூர் அம்மா

தரவரிசை, கவுன்சலிங், கட்டணம் எல்லாம் இங்கே இருப்பவர்கள் கடந்து வந்தவைதான் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். என் மகன் இந்த ஆண்டு கிண்டி ஐஐடியில் சேர்ந்திருக்கிறான். எங்கள் வீட்டிலிருந்து தேரடி மெட்ரோ நிலையம் நடக்கும் தூரம்தான். அங்கே ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கிவிடலாம். பிள்ளையை வடக்கே அனுப்பியிருக்கும் உறவினர்கள் எல்லாரும், "உனக்கென்ன கவலை, உள்ளூரிலேயே கிடைச்சிடுச்சே" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் போகக் கூடாது என்று முதல் நாளே அவனிடம் கேட்டுக்கொண்டு, வஞ்சிரம் வறுவலும் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் எடுத்துக்கொண்டு போனேன். குரங்குகள் பையைப் பறித்துவிடும் என்று அவன் எச்சரித்திருந்ததால் இரண்டு பைக்குள் வைத்துக் கட்டியிருந்தேன். சர்தார் படேல் சாலை வாசலுக்கு வந்து என்னை உள்ளே அழைத்துப் போனான். மரத்தடியில் உட்கார்ந்து பேசினோம். நன்றாக இருப்பதாகவும், மூன்று வேளையும் சாப்பிடுவதாகவும், அறையில் இருக்கும் பையன் நல்லவன் என்றும் சொன்னான். சிரித்த முகமாகத்தான் இருந்தான்.

பையை வாங்கித் தோளில் மாட்டக் கையை உயர்த்தியபோது சட்டை மேலேறி இடுப்பு பெல்ட் தெரிந்தது. சேர்க்கைக்கு முதல் வாரம் எம்.சி. ரோட்டில் நானே வாங்கிக் கொடுத்த பெல்ட் அது. அதில் கடைக்காரர் போட்ட ஐந்து துளைகளும் வரிசையாக, வட்டமாக இருந்தன. ஐந்தாவதையும் தாண்டி ஆறாவதாக ஒரு துளை இருந்தது. ஜியோமெட்ரி பாக்ஸ் காம்பஸ் முனையால் குத்தித் திருகிய துளை போலும். ஓரம் கிழிந்து, சற்றே கோணலாக இருந்தது. பக்கிளின் ஊசி அதில்தான் மாட்டியிருந்தது.

நான் பார்த்ததை அவன் பார்த்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே உணவு சரியில்லை என்று நான் குறை சொல்லவில்லை. அதைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது. கேட்டிருந்தால் அவன் இன்னொரு பொய்யை எனக்காகத் தேட வேண்டியிருக்குமே என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் திரும்பி வரும்போது மெட்ரோவில் நிலையம் நிலையமாக அந்தத் துளைதான் கண்முன் நின்றது. கேட்காமல் வந்தது சரியா? இதே இடத்தில் நின்றவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் அப்பா

அம்மா, நீங்கள் கேட்காமல் வந்ததில் தவறில்லை என்றே நினைக்கிறேன். கேட்டுக் கேட்டே மகளுக்குக் கெடுதல் செய்தவன் நான்.

என் மகள் மேற்கு வங்கத்தில் இருக்கும் கரக்பூர் ஐஐடியில் சேர்ந்தாள். கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டும். ரயில்வேயில் வேலை பார்த்த எனக்குத் தூரம் பயமில்லை. கண்ணில் படாமல் இருப்பதுதான் பயம். ஆகவே தினமும் இரவு எட்டரை மணிக்கு வீடியோவில் பேச வேண்டும் என்று விதி வைத்தேன். அவள் ஒரு நாளும் தவறியதில்லை. நாற்பது நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம்கூடப் பேசுவோம். பேச்சு குறைந்தால் நானே ஏதாவது கேள்வி கேட்டு இழுப்பேன்.

ஒவ்வொரு நாளும் அவள் முகத்துக்குப் பின்னால் ஒரே சுவர். மஞ்சள் சுவரில் மேலேறும் இரும்புக் கைப்பிடி. அது அறை இல்லை, மாடிப்படி என்பது எனக்குப் புரியவே இரண்டு வாரம் ஆனது. சிக்னலுக்காக அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று நானாக ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பின்னால் ஐந்தாறு பெண்கள் கும்பலாகப் படியிறங்கிப் போனார்கள். ஒருத்தி மட்டும் நின்று இந்தியில் ஏதோ கேட்டாள். என் மகள் கைபேசியைச் சுட்டிக்காட்டித் தலையசைத்தாள். அந்தப் பெண் போய்விட்டாள். "யாரும்மா அது" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, நீங்க சொல்லுங்க" என்றாள்.

டிசம்பர் விடுமுறைக்கு வந்தபோதுதான், அதுவும் என்னிடம் இல்லை, அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். எட்டரை மணிக்குத்தான் அந்த மாடியில் இருப்பவர்கள் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடப் போவார்களாம். முதல் வாரம் இவளையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாவின் அழைப்பு இருக்கிறது என்று இவள் மறுத்திருக்கிறாள். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். என்னோடு பேசி முடித்து அவள் போகும்போது பாதி மேசைகள் காலியாக இருக்கும். தனியாகச் சாப்பிட்டுவிட்டு வருவாள். தனியாக இருக்கக் கூடாதே என்று நான் பேசிய அந்த நேரத்தில்தான் அவள் தனியாகிப் போனாள்.

சேர்க்கை நாளிலும் இப்படித்தான் நடந்துகொண்டேன். 1951இல் ஹிஜ்லி சிறைமுகாம் கட்டடத்தில் தொடங்கிய கல்லூரியாயிற்றே என்று அந்தப் பழைய கட்டடத்தைப் பார்க்க அவளை வெயிலில் இழுத்துக்கொண்டு போனேன். அவளோ பக்கெட்டும் பூட்டும் வாங்கக் கடை மூடுவதற்குள் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அது எனக்கு இப்போதுதான் காதில் விழுகிறது.

கொருக்குப்பேட்டையிலிருந்து

இருவருமே சாப்பாட்டையும் தொலைபேசியையும் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்கவும், முதல் வாரங்களில் பிள்ளையை வாட்டுவது பாடமும் மொழியும்தான். என் மகன் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். ஐஐடி நுழைவுத் தேர்வின் முதல் கட்டமான ஜேஇஇ மெயின் 2021 முதல் தமிழிலும் நடப்பதால் அதைத் தமிழில் எழுதினான். அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே என்பதால் ஆறு மாதம் இரவும் பகலும் ஆங்கிலக் கேள்வித்தாளோடு போராடினான். முதல் மாதம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவனுடைய கணக்கு நோட்டைப் புரட்டினேன். "லீனியர்லி இண்டிபெண்டென்ட்", "ஐகன்வேல்யூ" என்று ஆசிரியர் சொன்னதெல்லாம் தமிழ் எழுத்தில், காதில் விழுந்தபடி, அவசரமாகக் கிறுக்கியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் விட்டுப்போன சொல்லுக்குக் கோடு மட்டும் இழுத்திருந்தான். ஒரு பக்கத்தில் பதினொரு கோடுகளை எண்ணினேன். அந்த நோட்டை நான் மறக்கவில்லை.

ஆகவே இனி பிள்ளையை அனுப்பப்போகிறவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். முதலாவது பணம். ஐஐடிகளில் 2016இலிருந்து பி.டெக். கல்விக்கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் என்பதைக் கேட்டே நம் பக்கத்தில் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். பட்டியலினத்தார், பழங்குடியினர், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அந்தக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. மற்றவர்களில் குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழே இருந்தால் முழுத் தள்ளுபடி. 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. விடுதிக்கும் உணவுக்கும் கட்டுவது தனி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஐஐடி, எய்ம்ஸ் போன்ற இடங்களில் இளநிலைப் படிப்பில் சேர்ந்தால் செலவைத் தமிழக அரசே ஏற்கும் என்று 2022 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். படித்த பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வருமானச் சான்றிதழைக் கடைசி நாளில் இ-சேவை மையத்தில் போய்த் தேடாதீர்கள். அப்படித் தேடி நான் மூன்று நாள் கூலியை இழந்தேன்.

இரண்டாவது, எண்கள். ராகிங் என்று ஏதாவது நடந்தால் 1800-180-5522 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் புகார் சொல்லலாம். மனம் தளர்ந்து பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசுவார்கள். இரண்டையும் பிள்ளையின் கைபேசியில் பதிந்து கொடுங்கள், உங்களுடையதிலும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, மதிப்பெண். பள்ளியில் முதலிடம் வந்த பிள்ளை முதல் சிறு தேர்வில் இருபதுக்கு நான்கு வாங்கும். அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் தன் பள்ளியில் முதலிடம் வந்தவர் என்பதை வீட்டில் அனைவருக்கும், குறிப்பாகத் தாத்தா பாட்டிக்கு, முன்பே சொல்லி வையுங்கள். நான்காவது, கல்லூரி இணையதளத்தில் பிள்ளையின் வருகைப்பதிவும் மதிப்பெண்ணும் தெரியும். அதற்கான கடவுச்சொல்லை முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை நீங்களே பாருங்கள். பிள்ளை சொல்லாததை அந்தப் பக்கம் சொல்லிவிடும்.

வண்ணாரப்பேட்டை அக்கா

கட்டணம் பற்றி நீங்கள் எழுதியதை என் தெருவில் இரண்டு வீடுகளுக்கு இன்றே அனுப்பிவிட்டேன், நன்றி. ஆனால் கடவுச்சொல் விஷயத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பதினொரு கோடுகளை மகனுக்குத் தெரியாமல் எண்ணியவர் நீங்கள். அவனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினீர்களா என்று உங்கள் பதிவில் இல்லையே. திருவொற்றியூர் அம்மா கேட்ட கேள்விக்கும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

என் தம்பி சேர்ந்த கல்லூரியின் பெயர் வேண்டாம். முதல் நாள் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவுடன் நான்தான் போயிருந்தேன். பெரிய அரங்கு, குளிர்சாதனம், மேடையில் பேசியதெல்லாம் ஆங்கிலம். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று மைக்கைச் சுற்றுக்கு விட்டார்கள். முன் வரிசைகளில் இருந்தவர்கள் வெளிநாட்டுப் பரிமாற்றத் திட்டம், வேலைவாய்ப்பு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மைக் எங்கள் வரிசைக்கு வந்ததும் அம்மா எழுந்துவிட்டார். "ராத்திரில பிள்ளைக்கு ஜுரம் வந்தா யாரு பாப்பாங்க? எங்க போய்க் கேக்கணும்?" என்று தமிழில் கேட்டார். முன்னாலிருந்து சிலர் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து, உட்காரும்மா என்று கீழே இழுத்தேன். தோளில் குத்தியிருந்த ஊக்கு கழன்று தரையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அம்மா உட்காரவில்லை. மேடையில் இருந்த ஒரு பேராசிரியை இறங்கி நேராக எங்கள் வரிசைக்கு வந்து, அழைப்பிதழைத் திருப்பி, விடுதி எங்கே, மருத்துவமனை எங்கே, இரவில் யாரை எழுப்ப வேண்டும் என்று கோடு போட்டு வரைந்து தமிழில் விளக்கினார். அம்மா அந்தத் தாளை மடித்துத் தம்பியின் சட்டைப்பையில் வைத்தார். ஐந்தாவது வாரம் அவனுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. இரவு ஒரு மணிக்குத் தானே நடந்து போய் மருந்து வாங்கியிருக்கிறான். நான்கு நாள் கழித்துத்தான் எங்களுக்குச் சொன்னான்.

அந்த ஊக்கைத் தேடி எடுத்து அம்மாவின் தோளில் மறுபடி குத்திவிட்டது நான்தான். அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றுவரையும் கேட்கவில்லை. பிள்ளைகள்தான் நம்மைப் பார்த்து வெட்கப்படுவார்கள் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். என் தம்பி வெட்கப்படவில்லை. கூடப்போன நான்தான் வெட்கப்பட்டேன்.

கொருக்குப்பேட்டையிலிருந்து

அக்கா, கோடுகளைப் பற்றி மகனிடம் நான் பேசவில்லை என்பது உண்மை. பேசினால் நோட்டை அடுத்த முறை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டான் என்று பயந்தேன். கடவுச்சொல்லைப் பற்றி என் கருத்து மாறவில்லை.

பெரம்பூர் அப்பா

இப்போது நான் அழைப்பதில்லை. அவள் அழைக்கும்போது பேசுகிறேன். வாரத்துக்கு இரண்டு முறை, சில வாரம் ஒருமுறை. போன வாரம் அழைத்தபோது பின்னால் சுவர் இல்லை. நான்கைந்து தட்டுகளும் யாரோ ஒருத்தியின் முழங்கையும் தெரிந்தன. பத்து நிமிடத்தில், "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிட்டாள்.

திருவொற்றியூர் அம்மா

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். வந்ததும் குளித்துவிட்டு நான்கு மணி நேரம் தூங்கினான். பெல்ட் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தேன், அந்த ஆறாவது துளை ஊசி இழுத்து இழுத்து இன்னும் நீண்டிருந்தது. ஏழாவது இல்லை.

எழுந்து சாப்பிட உட்கார்ந்தான். நான் சோற்றைப் போட்டுக்கொண்டே, பெல்ட்டைப் பற்றி இல்லாமல், காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய் என்று மட்டும் கேட்டேன். இரவு மூன்று மணி வரை பாடம் முடிவதில்லை என்றும், எட்டு மணி வகுப்புக்கு எழுந்து ஓடுவதால் காலை உணவு போய்விடுகிறது என்றும், மதியம் வகுப்பும் ஆய்வகமும் அடுத்தடுத்து இருக்கும் நாட்களில் அதுவும் போய்விடுகிறது என்றும் அவனே சொன்னான். மீன் துண்டின் முள்ளை எடுத்தபடியே, தலை நிமிராமல், ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் நடுவில் பேசவில்லை.

கிளம்பும்போது, காலையில் வகுப்புக்குப் போகிற வழியில் கையில் வைத்துத் தின்னும்படியாக ஏதாவது செய்து தருகிறாயா என்று கேட்டான். பொரிவிளங்காய் உருண்டை பிடிக்கப் பயறு வறுத்து வைத்திருக்கிறேன். வெல்லம் வாங்க வேண்டும்.